மூட்டுச் சத்து

பொள்ளாச்சி
20.7.1998

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஆனந்தவல்லி வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. நானும் மல்லிகாவின் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். புனேயில் பத்து நாளாக மழை விடவில்லை என்று மல்லிகா போனில் சொன்னாள். சம்பந்தி ஐயாவுக்கு ஈரக் காற்றில் முழங்கால் வலி கூடும். நீங்களும் மழையில் நனைந்து காலேஜுக்குப் போய் வருகிறீர்கள். இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முறைப்படி பார்த்தால் ஆடிக்கு நாங்கள் வந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துப் போயிருக்க வேண்டும். புது வேலை, லீவு கிடையாது என்கிறாள் மல்லிகா. அதனால் சீரை என் தம்பி ராமநாதனிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்களுக்கும் மல்லிகாவுக்கும் புடவை, ஐயாவுக்கும் மாப்பிள்ளைக்கும் வேட்டி, முறுக்கு, அதிரசம், நம் தோட்டத்துத் தேங்காய் முப்பது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீரோடு ஒரு ஐந்து லிட்டர் கேனும் வருகிறது. மேலே சீட்டு ஒட்டியிருக்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை. நீங்கள் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுப்பவர்கள். பார்த்துவிட்டு மனதில் பட்டதை ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். மல்லிகாவிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு,
ஆனந்தவல்லி

*

சாங்வி, புனே
2.8.1998

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சரசாவின் நமஸ்காரம். நாங்கள் நான்கு பேரும் சௌக்கியம். உங்கள் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், ஹரீஷை நன்றாக அதட்டுகிறாள். உங்கள் இருவருக்கும் அங்கே உடம்பு எப்படி இருக்கிறது?

சீர் வந்து சேர்ந்தது. புடவையின் நிறத்தை எதிர் ஃப்ளாட் ராஜஸ்ரீ வந்து மூன்று தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். இனி அந்தக் கேனின் கதை. சிரிக்காமல் படியுங்கள், முடிந்தால்.

ராமநாதன் ஸ்டேஷனிலிருந்து ரிக்ஷாவில் வருவதற்குள் உங்கள் சீட்டு நனைந்துவிட்டது. நீங்கள் எழுதியிருந்தது 'மக்குச் சத்து'. எங்கள் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகக் கட்கி தொழிற்சாலையில் இந்தியும் மராத்தியும் படித்துப் படித்து, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அழிந்த மையில் அவருக்குத் தெரிந்தது 'மூட்டுச் சத்து'. சம்பந்தியம்மா என் முழங்காலை எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறார்கள் பார் என்று என்னிடம் இடித்துக் காட்டினார். நான் காலேஜுக்குப் போன பிறகு டப்பாவில் ஊற்றி, இரண்டு காலிலும் தொடை வரை தேய்த்துக்கொண்டு, பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் இந்த வைத்தியம் நடந்திருக்கிறது.

நான்காம் நாள் வேட்டி நுனி கறுத்திருப்பதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. கால் இரண்டும் கருங்காலிக் கட்டை. சோப்புக்குப் போகவில்லை. எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்த்து, கழுவிய தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் மக்கில் பிடித்தேன். மக்கில் இருந்த கறுப்புத் தண்ணீர் என் கண்ணெதிரே திரிந்தது. கறுப்புத் துகள் துகளாய் அடியில் இறங்கி, மேலே வெளிர் மஞ்சளாய்த் தண்ணீர் நின்றது. அவர் காலை அப்படியே விட்டுவிட்டு மக்கைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு ஓடினேன். இன்று வரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அது ஹியூமிக் அமிலம், மக்கிய உரத்தின் கறுப்புச் சாரம். காரத்தில் கரையும், புளிப்புப் பட்டால் வண்டலாய் விழுந்துவிடும். சாயத்தையோ வெல்லப்பாகையோ கலந்து ஏமாற்றியிருந்தால் இப்படி விழாது. சுத்தமான சரக்கு, நன்றாகச் செய்திருக்கிறீர்கள். நல்ல வேளை, காரமும் மட்டாகத்தான் போட்டிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் அவர் தோல் உரிந்திருக்கும். வலி குறைந்துவிட்டது என்று சாதிக்கிறார். மக்குச் சத்தை மூட்டில் தடவியவர் சொல்வதை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

போகட்டும். ஐந்து லிட்டரைச் சீரோடு அனுப்பிவிட்டு, மல்லிகாவிடம் கேட்க வேண்டாம் என்கிறீர்கள். ஏன்? என்ன நடக்கிறது அங்கே? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்,
சரசா வெங்கடேஸ்வரன்

*

பொள்ளாச்சி
14.8.1998

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்த அன்று மல்லிகா அப்பா என்னை இரண்டு தரம் தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சிரிப்பு அடங்கியதும் வெட்கமாகப் போய்விட்டது. ஐயாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். கால் நிறம் திரும்பிவிட்டதா? இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசுக்குத்தான்.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். என் அப்பா எனக்குக் கொடுத்த யார்டு ஒன்று இருக்கிறது, கல்யாணத்தின்போது பார்த்திருப்பீர்கள். கயிற்று மில்லில் நார் எடுத்த பிறகு மிஞ்சுகிற மஞ்சித் தூளை வாங்கி வந்து, காளான் வித்தும் யூரியாவும் தூவி மக்க வைத்து, தென்னந்தோப்புகளுக்குக் கொடுக்கிறோம். விவசாயக் கண்காட்சியில் பார்த்துக் கற்றுக்கொண்டு, இரண்டு வருஷமாக அந்தக் கறுப்புச் சாறும் இறக்குகிறோம். ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். நான் ஒருத்தி நின்று நடத்துவது அது ஒன்றுதான்.

பக்கத்து வீடு ஆரோக்கியமேரியுடையது. டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஜூன் மழைக்குப் பிறகு அவர் கிணற்றுத் தண்ணீர் டீத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. என் யார்டு விஷத்தை இறக்குகிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். நவம்பர் முடிவதற்குள் அது விஷமில்லை என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் குவியல் அத்தனையையும் அகற்றி யார்டை மூட வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது.

உங்களிடம் நேராகக் கேட்டிருக்கலாம். பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே கூசுகிற ஊர் எங்களுடையது, கை நீட்டுவது எப்படி? அதனால்தான் சீருக்குள் ஒளித்து வைத்தேன். மல்லிகாவுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள். அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
ஆனந்தவல்லி

*

சாங்வி
22.8.1998

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நமஸ்காரம். அனைவரும் நலம். இவருடைய கால் இப்போது மாநிறத்துக்கு வந்திருக்கிறது. விநாயகர் சதுர்த்திக்குப் பந்தல் போடுகிறார்கள், ஒலிபெருக்கி எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறது. காதைத் தவிர மற்ற உறுப்புகள் சௌக்கியம். உங்கள் தூக்கம் எப்படி என்று கேட்கத் தோன்றுகிறது. நோட்டீஸை வைத்துக்கொண்டு தூங்கியிருக்க மாட்டீர்கள்.

கை நீட்டுவதாம். எனக்கு வகுப்பில் முப்பது பிள்ளைகள், அதில் இருபத்தெட்டு பேர் ஜன்னலைப் பார்ப்பவர்கள். இருபது வருஷத்தில் யாரும் என்னிடம் ஒரு உண்மையான கேள்வியைக் கொண்டு வந்ததில்லை. நீங்கள் கொண்டு வந்திருக்கிறீர்கள், அதுவும் தேங்காயோடு. நான்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இந்த ஹியூமிக் சமாசாரத்தை ஒரு பொருள் என்று நினைக்காதீர்கள். பெரிய கூட்டுக் குடும்பம். இலை, நார், வேர் எல்லாம் மக்கி மக்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஆளுக்கு ஒரு உருவமாக இருக்கும். முழு உருவம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை. அமிலம் என்று பேர்தான், கோபமே வராது. மண்ணில் இரும்பையும் துத்தநாகத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, வேர் கேட்கும்போது கொடுக்கும். ஆனால் பழுப்பாக இருப்பதெல்லாம் அதுவாகிவிடாது. கிணற்றில் இருப்பது என்ன பழுப்பு என்று பார்த்தால்தான் தெரியும்.

மூன்று பாட்டில் அனுப்புங்கள். ஆரோக்கியமேரி அம்மாவின் கிணற்றுத் தண்ணீர் ஒன்று. நன்றாக மக்கிய பழைய குவியலைக் கழுவிய தண்ணீர் ஒன்று. மில்லிலிருந்து வந்து கொட்டிய புதுத் தூளைக் கழுவிய தண்ணீர் ஒன்று. மேலே 1, 2, 3 என்று எண் மட்டும் போடுங்கள், எது எது என்று எழுதாதீர்கள். உங்கள் மேல் இருக்கும் பிரியத்தில் என் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது.

மல்லிகாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சரசா

*

பொள்ளாச்சி
10.9.1998

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளையாரின் ஒலிபெருக்கி தண்ணீரில் கரைந்ததா? இங்கே மல்லிகா அப்பாவுக்கு மட்டும் லேசாகச் சளி.

மூன்று பாட்டிலையும் தேங்காய் லாரியில் அனுப்பிவிட்டேன். டிரைவர் புனே மார்க்கெட்டில் இறங்கியதும் உங்கள் வீட்டுக்குப் போன் செய்வார். எது எது என்பதைச் சீட்டில் எழுதி, மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

கிணற்றுத் தண்ணீர் எடுக்க நானே போனேன். ஆரோக்கியமேரி கதவைத் திறக்கவில்லை, ஜன்னல் வழியாகவே கயிறு எங்கே இருக்கிறது என்று சொன்னார். பதினெட்டு வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் பொங்கலுக்குக் கரும்பும் மாறிப் போன வீடு.

எனக்கு நிச்சயமாகத் தெரியும், அது என் யார்டிலிருந்து வந்திருக்காது. கிணற்றுக்கு மேலே அவர் வீட்டுத் தென்னை ஓலை விழுந்து ஊறித்தான் நிறம் மாறியிருக்கும். நீங்கள் நல்ல முடிவாக எழுதுங்கள். அந்தக் கடிதத்தை அப்படியே ஆபீஸில் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் பதிலை நம்பி இருக்கும்,
ஆனந்தவல்லி

*

சாங்வி
27.9.1998

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நமஸ்காரம். நாங்கள் நலம். சம்பந்தி ஐயாவின் சளி விட்டதா? மிளகுக் கஷாயம் கொடுங்கள்.

பாட்டில்களை ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். ஒரே சோதனையை மூன்று தரம் செய்தேன். முதல் பாட்டிலில் அமிலம் விட்டதும் நீங்கள் அனுப்பிய சாறு மாதிரியே கொஞ்சம் கறுப்பு வண்டல் விழுந்தது. நிறமே குறைவுதான் அதில். இரண்டும் மூன்றும் அப்படி இல்லை. எவ்வளவு அமிலம் விட்டாலும் பழுப்பு கலையாமல் நின்றது. இரும்பு உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டதும் இரண்டும் பச்சை கலந்த கறுப்பாக, மை கொட்டினது போல் மாறின. அது துவர்ப்புப் பொருளின் அடையாளம். இரண்டும் மூன்றும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

எது எது என்று எனக்குச் சொல்லாதீர்கள் என்று வீராப்பாக எழுதினேன். ஆனால் இரண்டாம் பாட்டிலைத் திறந்ததும் ப்ளீச்சிங் பவுடர் வாசனை வந்தது. அதுதான் கிணறு, இல்லையா? அப்படியானால் அந்த நிறம் மூன்றாம் பாட்டிலில் இருந்து வருகிறது. அது உங்கள் புதுத் தூள். ஓலை விழுந்து இவ்வளவு துவர்ப்பு ஏறாது.

அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். ஆரோக்கியமேரி அம்மா சொல்வது பாதி சரி. அவர் கிணற்றைப் பழுப்பாக்கியது உங்கள் யார்டுதான். மக்கிய குவியலிலும் சாற்றிலும் குற்றம் இல்லை. மக்கிய பிறகு துவர்ப்பு போய்விடுகிறது, மிச்சமிருப்பது மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சுலபத்தில் நகராது. மழையில் திறந்து கிடக்கும் புதுத் தூள்தான் கழுவிக்கொண்டு இறங்குகிறது.

இது விஷமில்லை, டீயில் இருக்கும் துவர்ப்பின் சொந்தம்தான். ஆனாலும் குடிக்கிற கிணற்றில் இருக்கக் கூடாது. முக்கியமாக, ப்ளீச்சிங் பவுடர் கொட்டுவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இந்தப் பழுப்போடு குளோரின் சேர்ந்தால் உடம்புக்கு ஆகாத சேர்மங்கள் உண்டாகும். புதுத் தூளைச் சிமெண்ட் தரையில், சுற்றி வரப்பு கட்டிக் கொட்டுங்கள். வழியும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, மக்குகிற குவியலுக்கே ஊற்றுங்கள். கிணற்றை இரண்டு தரம் முழுக்க இறைத்துவிட்டால் தெளிந்துவிடும்.

நீங்கள் கேட்ட நல்ல முடிவு இது இல்லை என்று தெரியும். இதை ஆபீஸில் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம்.

மறந்துவிட்டேன், முறுக்கு தீர்ந்துவிட்டது. நல்ல கரகரப்பு, ஆனால் உப்பு கொஞ்சம் தூக்கல். தீபாவளிக்குக் குறைத்துப் போடுங்கள்.

சரசா

*

சாங்வி
28.10.1998

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நமஸ்காரம். உங்கள் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

தலைதீபாவளி முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஹரீஷ் இரண்டு கிலோ ஏறி வந்திருக்கிறான். பட்சணம் மூன்று பை. பையின் அடி வரை துழாவிப் பார்த்தேன், கடிதம் இல்லை. அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று மல்லிகாவைக் கேட்டேன். நன்றாக இருக்கிறார்கள், யார்டில் ஏதோ கட்டிட வேலை நடக்கிறது, உள்ளே விடவில்லை என்றாள். வேறு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு மாதமாகிறது. என் கடிதம் கிடைத்ததா? கோபமா? கோபமாக இருந்தால் அதையாவது எழுதுங்கள்.

சரசா

*

சாங்வி
12.11.1998

சம்பந்தி ஸ்ரீமான் கல்யாணசுந்தரம் அவர்களுக்கு,

வெங்கடேஸ்வரன் நமஸ்காரம். அவ்விடம் நலம் என்று நினைக்கிறேன். இவ்விடம் என் கால்கள் நலம், நிறமும் திரும்பிவிட்டது. மற்ற நிலவரம் கீழ்க்கண்டவாறு.

என் மனைவி தபால்காரர் வரும் நேரத்துக்குப் பால்கனியில் நிற்கிறாள். அவர் போன பிறகு சமையலில் உப்பு மறக்கிறாள், அல்லது இரண்டு தரம் போடுகிறாள். நேற்று ரசத்தை நான் குடித்தேன், சாட்சி சொல்வேன். உங்கள் வீட்டில் இருந்து ஒரு வரி வந்தால் இந்த வீட்டில் நான் உயிர் பிழைப்பேன். தமிழில் அதிகம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால், கேனில் ஒட்டிய சீட்டை நினைத்து மன்னிக்கவும்.

வெங்கடேஸ்வரன்

*

பொள்ளாச்சி
29.11.1998

என் அன்பான சரசா அவர்களுக்கு,

ஆனந்தவல்லி எழுதுகிறேன். முதலில் உடம்பைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் நன்றாக இருக்கிறோம், எனக்கு இரண்டு கிலோ குறைந்திருக்கிறது, அது மாப்பிள்ளையிடம் இருக்கிறது போல. ஐயாவின் கார்டு வந்தது. இவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். அப்போதும் நான் எழுதவில்லை. கையில் முடிவு வந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துவிட்டேன். உங்களை இவ்வளவு தவிக்க விட்டது தப்பு.

உண்மையைச் சொன்னால் கோபம் வந்தது. மூன்று நாள் இருந்தது. கிணற்றுக்காக இரண்டு நாள், முறுக்குக்காக ஒரு நாள். பூட்டி வைத்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். 1 பழைய குவியல், 2 கிணறு, 3 புதுத் தூள். நானே என் கையால் எழுதியது. யாரிடம் போய் இல்லை என்று சொல்வேன்?

நான்காம் நாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆரோக்கியமேரி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, உங்க கிணற்றைக் கெடுத்தது நான்தான் என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் கதவைத் திறந்தார். கடிதத்தை வாங்கி, டீச்சர் இல்லையா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பிறகு உள்ளே போய், மிச்சமிருந்த ப்ளீச்சிங் பவுடரைப் பையோடு கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

அக்டோபர் முழுக்க வேலை. சிமெண்ட் தரை போட்டு, வரப்பு கட்டி, தொட்டி இறக்கினோம். புதுத் தூளை ஒன்பது பெண்களும் கூடையில் சுமந்து தரைக்கு மாற்றினார்கள். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை யார்டுக்குள் விடாமல் இருக்க நான் பட்ட பாடு தனிக் கதை. பிறகு இரண்டு மோட்டார் வைத்துக் கிணற்றை இறைத்தோம். தண்ணீரைத் தென்னந்தோப்புக்கு விட்டோம். ஆரோக்கியமேரி குடை பிடித்துக்கொண்டு வந்து, சரியாக இறைக்கிறோமா என்று கூடவே நின்றார். நவம்பர் முதல் வாரம் அடைமழை. நான் தினமும் காலையில் ஓடிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பேன், எனக்கு முன்னால் அவர் அங்கே நிற்பார். அடியில் கிடந்த கல் தெரிந்தது. அந்த வாரம்தான் அவர் என்னிடம் பழையபடி பேசினார்.

விசாரணை இருபத்தாறாம் தேதி. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். கொடுக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது, உங்கள் கடிதத்தைத்தான் கொடுத்தேன். ஆபீசர் முழுவதும் படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். என் சம்பந்தி, புனேயில் காலேஜில் கெமிஸ்ட்ரி என்று சொன்னேன். அவர் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொந்தக்காரங்க எழுதுனதுங்களா? அப்புறம் ஏனுங்க உங்களுக்கு எதிரா எழுதியிருக்காங்க?"

பக்கத்தில் இருந்து ஆரோக்கியமேரிதான் சொன்னார்.

"முறுக்குல உப்பு தூக்கல்னு சம்பந்திக்கே எழுதற பொம்பளைங்க அது. தண்ணி விஷயத்துல பொய் எழுதுவாங்களா? அது விஷமில்லைன்னு அவங்க சொன்னா விஷமில்லைங்க. நான் நம்பறேன்."

அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள், ஆபீசர் உட்பட. அவர்கள் தனியாகவும் கிணற்றுத் தண்ணீரை எடுத்து அரசாங்க ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குடிக்கலாம் என்று வந்திருந்தது. நோட்டீஸை ரத்து செய்துவிட்டார். புதுத் தூள் எப்போதும் தரை மேல்தான் இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை.

என் யார்டு என்னிடமே இருக்கிறது, சரசா. இரண்டு நாளாக அந்தக் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறேன். மல்லிகாவிடம் நேற்றுப் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் உங்களோடு பேசாமல் இருந்தால் அதற்கு நான் காரணம்.

கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. ஃபைலில் முத்திரை குத்திச் சேர்த்துவிட்டார்கள். முறுக்கும் மிளகுக் கஷாயமும் இனி சர்க்கார் சொத்து.

உங்கள்,
ஆனந்தவல்லி

*

சாங்வி
8.12.1998

அன்புள்ள ஆனந்தவல்லிக்கு,

சரசா எழுதுகிறேன். நாங்கள் சௌக்கியம். உங்கள் கடிதத்தைப் பால்கனியில் நின்றபடியே படித்தேன். நடுவில் உட்கார்ந்துவிட்டேன். இவர் ஓடி வந்து என்ன ஆயிற்று என்றார். அவருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆரோக்கியமேரி அம்மா பேசியதை மட்டும் மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். மல்லிகா என்னோடு அரை நாள் பேசவில்லை. பிறகு சமையலறைக்கு வந்து, பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, அப்படியே நின்றாள். குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்தது.

நீங்கள் என்னைப் பெரிய சத்தியவந்தி ஆக்கிவிட்டீர்கள். சர்க்கார் ஃபைலில் வேறு ஏற்றிவிட்டீர்கள். அதனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செப்டம்பரில் உங்களுக்கு நான் எழுதியது இரண்டு கடிதம். முதல் கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. விஷம் இல்லை என்று எழுதியிருந்தேன். பழுப்பு பல காரணங்களால் வரும், ஓலை ஊறினாலும் வரலாம், திட்டமாகச் சொல்ல இயலாது என்று எழுதியிருந்தேன். முறுக்கு பிரமாதம் என்றும் எழுதியிருந்தேன். சம்பந்திக்கு எழுத வேண்டிய கடிதம்தான் அது. உறையில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் காலேஜுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். உங்கள் மனம் நோகுமே, மல்லிகா என்ன நினைப்பாளோ என்று பயமாக இருந்தது. மூன்றாம் நாள் லேபில் அந்த இரண்டாம் பாட்டிலைக் கழுவப் போனபோது, ஆரோக்கியமேரி அம்மா தினமும் இதைத்தானே குடத்தில் முகந்து பார்க்கிறார் என்று தோன்றியது. உறையைக் கிழித்தேன்.

அதை அனுப்பியிருந்தால் அவர் ஒருநாளும் உங்களுக்குக் கதவைத் திறந்திருக்க மாட்டார். உங்கள் யார்டை என் கையாலேயே நான் மூடியிருப்பேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து இதை நினைத்தால் எனக்குக் குளிர் எடுக்கிறது, புனே டிசம்பரால் இல்லை.

இருபத்து மூன்றாம் தேதி நாங்கள் நான்கு பேரும் கிளம்புகிறோம். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று பந்தி விரித்து வைக்காதீர்கள். ஆரோக்கியமேரி அம்மாவிடம் சொல்லி அந்தக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வாங்கி வையுங்கள். வந்து இறங்கியதும் முதல் காப்பியை நாம் மூன்று பேரும் அதில் போட்டுக் குடிக்க வேண்டும்.

சரசா